பகாசுரனுக்கு முட்டி வலி

ஓம் திரௌபதி அம்மன் துணை

பிரம்மதேசம் பக்கம்,
திண்டிவனம் வழி,
வைகாசி 26

அன்பு மகள் சங்கவிக்கு உன் சித்தப்பா சீனுவாசன் எழுதுவது,

அயர்லாந்துக் குளிரில் நீ கம்பளிக்குள் சுகமாக இருப்பாய் என்று அம்மனை நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தி பிரபாவதியும் மாடு ரெண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் அப்பா அம்மாவும் சுகம்தான், தெருவில் பார்க்கிறேன். கையில் போன் இருக்க இந்த ஆள் எதற்குக் காகிதத்தைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் கண்ணு, அதனால்தான். அதோடு நான் ஏழாவது வரைக்கும்தான் போனேன் என்றாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு திண்டிவனம் போஸ்ட் ஆபீசில் இருக்கிற அம்மா, ஐயா நீங்க தமிழ் வாத்தியாருங்களா என்று எழுந்து நின்றே கேட்டது. உன் சித்தி இதை நம்பவில்லை, நீ நம்பு.

பதினோரு வருஷம் காத்திருந்த பாரதக் கூத்து போன வாரத்தோடு முடிந்தது. கோயிலைப் பிரித்துக் கட்டிக் கும்பாபிஷேகம் முடிப்பதற்குள் நீ பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்து, நர்சுப் படிப்பையும் முடித்து, கடலையே தாண்டிவிட்டாய். நீ பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தது, பாதி மறந்திருப்பாய். மற்ற நாளெல்லாம் கூத்துக்காரர்கள் ஆடினாலும் பகாசுரன் சண்டைக்கு மட்டும் வேஷம் நம் குடும்பத்து உரிமை, அண்ணன் பீமன், தம்பி பகாசுரன். அதற்காக நாங்கள் ரெண்டு பேரும் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டினால் பதினெட்டு நாளும் கோயில் பந்தலில்தான் படுக்கை, ஒரே பந்தியில்தான் சாப்பாடு, கட்டினவர்களுக்குள் பகை இருக்கக் கூடாது. போன கூத்து முடிந்த மறுமாசத்திலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாத உன் அப்பாவையும் என்னையும் பூசாரி விருத்தாசலம் ஒரே பலகையில் உட்கார வைத்து மஞ்சள் கயிறு கட்டினார். நீ பிளேன் ஏறும்போது என் காதோரம் சொன்னாயே, கூத்து வரட்டும் சித்தப்பா, அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் ஆவணும் என்று, அதைத்தான் நான் இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரே அம்மனுக்காகக் காத்திருந்தது, நான் இதற்காகக் காத்திருந்தேன்.

சண்டை அன்றைக்கு வந்த ஜனம் பத்தாயிரம் இருக்கும். ஐந்நூறு இருந்தால் அதிகம், அதுலயும் பாதி சோத்துக்கு வந்ததுங்க என்கிறாள் உன் சித்தி. பட்டப்பகலில் சோற்று வண்டி தெருத்தெருவாகப் போனது, வாசலுக்கு வாசல் சோறும் வடையும் கேப்பைக் களியும் மல்லாட்டைக் கடலைத் துவையலும் வந்து விழுந்தன, உன் அப்பா கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டி மேலே உட்கார்ந்து வாரி வாரித் தின்றார். அறுபத்து மூன்று வயசில் என்ன கம்பீரம் தெரியுமா. நான் மட்டும் லேசுப்பட்டவனா, முகத்தில் பச்சையும் கறுப்பும் அப்பி, வாழைப்பட்டையில் பல் செய்து மாட்டிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து ஒரு கத்துக் கத்தினேன், முகையூரிலிருந்து வந்த ஒரு கைக்குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட்டதாம். கதைப்படி பீமன் தின்றுகொண்டே இருப்பான், பகாசுரன் பின்னால் வந்து அவன் முதுகில் மாறி மாறிக் குத்த வேண்டும். எனக்குக் கை எழவில்லை பாப்பா. முதுகெலும்பு தெரிகிறது. எப்போது இப்படி இளைத்தார் என்று தெரியவில்லை, பதினோரு வருஷமாக அந்த முதுகைக் கிட்டத்தில் பார்க்கவில்லையே. நின்றுவிட்டேன். ஜனங்கள், இன்னா பகாசுரா சோறு தின்னலயா என்று கூவுகிறார்கள். அப்போது உன் அப்பா திரும்பாமலே, வாயில் சோற்றோடு, அடிடா, ஊரே பாக்குது என்றார். அடித்தேன். அப்புறம் கட்டிப் புரண்டோம். அவர் விட்ட குத்தில் நான் பத்தடி பறந்து போய் விழுந்தேன் என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், கீழே கிடந்த வடை ஒன்று வழுக்கிவிட்டது. முட்டி தரையில் மோதி சத்தம் கேட்டது. செத்த பகாசுரன் எழுந்திருக்கக் கூடாது என்று கண்ணை மூடிக் கிடந்தேன். உன் அப்பா என் மேல் குனிந்து, கதைப்படி மீசையை முறுக்க வேண்டியவர், அடி பட்டுச்சாடா என்றார்.

அவ்வளவுதான். உன் அப்பா அழுதார், என்னைத் தூக்கி மார்போடு கட்டிக்கொண்டார், கண்ணீரில் என் சாயமெல்லாம் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது என்று உன் அம்மாவிடமே நான் அளந்திருக்கிறேன், எங்க வீட்டுக்காரர் காதுக்கும் அது எட்டிச்சே கொழுந்தனாரே, ஆனா பீமன் வேஷத்துல ஏது சட்டை என்றார்கள். சட்டையும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை, செத்தவன் எப்படிப் பேசுவது. அப்புறம் மிச்ச நாளெல்லாம் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தோம், என் இலையில் ரசம் இல்லையென்றால் பரிமாறுகிறவனைப் பார்த்து அங்க ஊத்துடா என்பார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்குப் பேசுவார், நாளைக்குப் பேசுவார் என்று நானும் ஒன்றும் பேசாமல் இருந்தேன். தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனது, கொடி இறங்கியது, பந்தலைப் பிரித்தார்கள். எல்லாரும் காப்பை அறுத்து ஏரியில் விட்டார்கள், நான் மட்டும் விடவில்லை. மூன்று நாள் கட்டிக்கொண்டே திரிந்தேன், பூசாரி கண்டுபிடித்து, யோவ், சாமி எறங்கிடுச்சி, நீ மட்டும் இன்னும் ஆடிக்கினு இருக்கியா என்று அவரே அறுத்துப் போட்டார். கூத்து முடிந்த ஊர் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய், சோற்றைக் காயவைத்து அள்ளின பாய் மாதிரி இருக்கிறது. காக்கா மட்டும் வருகிறது.

பேசாமல் போனதற்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர் முறை என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லை கண்ணு. அவர் முறையில் நான் மோட்டார் போட்டது நிஜம், அவர் மல்லாட்டை காய்ந்தது நிஜம், அதற்கெல்லாம் அவர் கோபித்துவிட்டு மறந்திருப்பார். கேட்க வந்தவரிடம் நான், ஒத்தப் பொட்டப் புள்ளைய பெத்து வெச்சிக்கினு உனக்கு எதுக்கு இவ்ளோ தண்ணி என்று சொல்லிவிட்டேன். அப்போது நீ பத்தாவது படிக்கிறாய். உன் அப்பா வரப்பில் ஏறிப் போனார். இன்றைக்கு டீக்கடையில் எங்க பொண்ணு எங்க பொண்ணு என்று நான்தான் அதிகமாகப் பேசுகிறவன், நீ அந்த ஆஸ்பத்திரிக்கே தலைவி என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்ன வாயும் இதே வாய்தான். உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் ஆயிற்று, மன்னிக்கச் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிட்டேன்.

முந்தாநாள் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க விழுப்புரம் போனேன், எலும்பு தப்பியது. திரும்பும்போது உன் அப்பா அதே பஸ்ஸில் ஏறினார். என் பக்கத்தில் இடம் காலி. நான் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், ஜன்னலோரமாக நகர்ந்தும் உட்கார்ந்தேன். கண்டக்டர், பெரியவரே எடம் இருக்குது குந்துங்க என்றார். பரவால்லப்பா என்றுவிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விக்கிரவாண்டியில் இறங்குகிறவர்கள் இறங்கி பாதி பஸ் காலியானது, அப்போதும் நின்றார். திண்டிவனம் வரைக்கும் நின்றார் பாப்பா. நான் ஜன்னலில் பார்ப்பது போல அவரைத்தான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் வேட்டிக்குக் கீழே தெரிந்த முட்டிக் கட்டுத் துணியை ரெண்டு தடவை பார்த்தார். ரெண்டு தடவைதான், கூட்டிச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி டூட்டி முடித்துவிட்டு வெறும் வயிற்றில் படுக்காதே. சித்தி மல்லாட்டை வறுத்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். அம்மன் உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காப்பாள், நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும், இந்தச் சித்தப்பன் வாயால் வந்த ஆசீர்வாதமும் பலிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்குப் போன் பண்ணும்போது உன் அப்பா எதேச்சையாகக் கேட்பது போல அவன் கால் எப்படி இருக்குதாம் என்று கேட்டாலும் கேட்பார். வீக்கம் வடிந்துவிட்டது, நேற்று நடந்தே ஏரிக்கரை வரை போய் வந்தேன். அதைச் சொல்லிவிடாதே. நீ நர்சு, நீ சொன்னால் நம்புவார். இன்னும் வலிக்கிறதாம், ஆறுவதற்கு நாளாகும் என்று சொல்.

உன் நலம் நாடும் சித்தப்பா,
வே. சீனுவாசன்