வழிமறித்த தேயிலை

அப்பா,

இன்று காலையும் உங்கள் கவாத்துக் கத்தியைத் தீட்டினேன். துருவும் தேயிலைக் கறையும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. "நாளைக்குக் கவாத்து, எல்லாரும் தயாரா வரணும்" என்றார் பி.டி. சார். அவர் சொன்னது அணிவகுப்பை. தெரிந்தேதான் இந்தக் கத்தியோடு போய் வரிசையில் நின்றேன். உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். "தப்புதானுங்க சார். ஆனா எங்க ஊட்ல கவாத்துன்னா செடி வெட்டறதுதானுங்க" என்றீர்கள் பவ்யமாக. மஞ்சூர் பஸ் ஏறிய பிறகுதான் சிரித்தீர்கள்.

அதற்கப்புறம் நம் தோட்டத்தில் கவாத்தே இல்லை. பசுந்தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. "விலை ஏறட்டும் கண்ணு, அதுவரைக்கும் செடியும் லீவுல இருக்கட்டும்" என்றீர்கள். செடி லீவில் சும்மா இருக்கவில்லை அப்பா. இடுப்பளவுதான் அதன் உயரம் என்று நினைத்திருந்தேன். நம் விரல்கள் கிள்ளிக் கிள்ளித்தான் அதைச் செடியாக வைத்திருந்தன, விட்டதும் மரமாகிவிட்டது. வெள்ளைப் பூவுக்குத் தேனீ வந்தது. அடிநிழலுக்குப் பன்றி வந்தது, காட்டெருமை வந்தது. வீட்டைச் சுற்றிப் பச்சைச் சுவர்.

"மிருகக்காட்சிசாலைதானுங்கப்பா. கூண்டுக்குள்ள நாம, வேடிக்கை பாக்க அதுங்க."

"டிக்கெட் வாங்குச்சுங்களா, கேட்டியா?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்த காலையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்த ஜீப் மேலே ரோட்டில் நின்றது. நடுவில் ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நின்றது. அம்மா தட்டைத் தட்டினாள். நான் கத்தினேன், கல் எறிந்தேன். "எறியாத கண்ணு, மிரண்டா மோசம்" என்றீர்கள். அது நகர்ந்தபோது உங்களுக்குப் பேச்சும் மூச்சும் நின்றிருந்தன.

ஒரு வாரமாக அம்மாவும் நானும் பாதையின் இரு பக்கமும் வெட்டினோம். இன்று ரோடு தெரிந்தது. ஆனால் முதலில் நடந்தது நாங்கள் இல்லை. புதருக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை, பின்னால் அதன் கன்று. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாங்கள் வெட்டிய வழியிலேயே ஏறி, ரோட்டைத் தாண்டிச் சோலைக்குள் ஓடின. அன்று அது பாதையை விட்டு நகராததும் கன்று உள்ளே சிக்கியிருந்ததால்தானோ என்னவோ. இந்தத் தேயிலை அதற்கும் வழியை அடைத்திருக்கிறது.

"போவுட்டும்" என்றாள் அம்மா.

அந்தக் காட்டெருமை மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே இறக்குவதென்று தெரியவில்லை அப்பா. சுமந்துகொண்டே ரோடு வரை போய்விட்டுத் திரும்பினேன்.