உடன் தங்கும் அனுமதி

கோபான், குவாத்தமாலா
12.10.2024

அன்புள்ள பொற்கொடிக்கு,

மலையில் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை, ஆகவே கடிதம். பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் என்னோடு இருப்பவர் சோளக்கூழ் கொண்டுவந்தார். உப்பில்லை, குடித்தேன்.

சுற்றுலா விசாவில் மூன்று மாதம், கெஞ்சினால் இன்னொரு மூன்று. போன முறை அதையும் முடித்துத்தான் நீ கிளம்பினாய். வேலை பார்ப்பவரின் மனைவியாக வந்தால் ஒப்பந்தம் முடியும்வரை இருக்கலாம். அதற்குக் கேட்கும் நம் திருமணப் பதிவுச் சான்றிதழைத்தான் காணோமே. சிலமலையிலிருந்து போடிக்கு வீடு மாறியபோது மூட்டை கட்டியவன் நான். தொலைத்தவனும் நானே என்று முதலாளியிடம் சொல்லித் தலைகுனிந்து நின்றேன். நகலும் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள்.

அறுபத்தாறு வயதில் என்னைத் தேடி வந்த வேலை இது. ஆனாலும் நீ வர வழியில்லை என்றால் மார்ச்சோடு முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உன்
முத்துக்கண்ணன்


போடிநாயக்கனூர்
9.11.2024

அன்பு மிக்க உங்களுக்கு,

சான்றிதழ் தொலையவில்லை. பீரோவில், என் எம்.ஏ. பட்டத்துக்கு அடியில்தான் இருந்தது. நகல் கேட்டு நான் எந்த அலுவலகப் படியும் ஏறவில்லை.

போனில் சொன்னால் ‘பரவாயில்லை’ என்பீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

அங்கே நான் இருந்தபோது நீங்கள் விடியுமுன் வேலைக்குப் போவீர்கள். முப்பத்திரண்டு ஆண்டு கல்லூரியில் வரலாறு நடத்தியவள், கடையில் உப்புக் கேட்கத் தெரியாமல் நின்றேன். உடன் தங்கும் அனுமதிக்கான படிவத்தில் என் தொழிலுக்கு நேராகக் ‘கணவரைச் சார்ந்தவர்’ என்று யாரோ நிரப்பியிருந்தார்கள். ஊர் வந்ததும் பொய் சொன்னேன். இவை காரணங்கள், நியாயங்கள் அல்ல. வர மனமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் மறுத்திருக்கமாட்டீர்கள். அதுதான் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டு அலிமா நேற்றுக் கேட்டாள்: “ஏக்கா, அண்ணே அங்கன காய்ச்சல்ல கெடக்குறாரு, உங்களுக்கு இங்கன என்ன சோலி?” விசா கிடைக்கவில்லை என்றேன். “கேட்டீகளா?” என்றாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன். பாலும் இல்லை.

சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். வேலையை விடாதீர்கள். விண்ணப்பியுங்கள்; வருகிறேன்.

பொற்கொடி


கோபான்
20.12.2024

பொற்கொடிக்கு,

சான்றிதழ் வந்தது. முதலாளியிடம் காட்டவில்லை. தொலைத்தேன் என்றவன் எந்த முகத்தோடு காட்டுவது?

ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பிவிட நினைத்தது உனக்காக. இனி அந்த அவசரமில்லை.

காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் சிலமலை மூட்டைகளை மனசுக்குள் ஒவ்வொன்றாக அவிழ்த்து, எதில் வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுற்றுலா விசாவைப் புதிதாகக் கேட்கலாம். விருப்பமிருந்தால் மூன்று மாதம் வந்து போ.

முத்துக்கண்ணன்


போடிநாயக்கனூர்
11.1.2025

உங்களுக்கு,

மன்னிப்புக் கேட்டு நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என்னைப் பற்றியே எழுதியிருந்தேன்.

சுற்றுலா விசா விண்ணப்பத்தை நேற்று அனுப்பினேன். பயண நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதியிருக்கிறேன். அது பொய். இந்த முறை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொற்கொடி