ஆறு நாள் ஆப்சென்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். நேற்று காலேஜ் ஆபீசில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. நான், உன் மகள், கிளார்க், வகுப்பில் பெயர் கூப்பிடும் கணக்கு டீச்சர், உன் மகள் வகுப்பு நெட்டையன், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி, இடைவேளை என்பதால் அவர்களுக்குப் பின்னால் பாதி வகுப்பு. உங்கப்பா தங்கச்சி இல்லை, அதையும் குறித்துக்கொள்.

உன் மகள் காலேஜில் சேர்ந்து ஆறு நாள் வகுப்பு நடந்திருக்கிறது, ஆறு நாளும் வரவில்லை, பெயரை எடுக்கப்போகிறோம் என்று கடிதம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, தினமும் டப்பா கட்டி பஸ் ஏற்றிவிட்டவள் நான்தானே. கேட்டால், பிரசன்ட் மேம்னு சொன்னேன் பாட்டி, அவங்களுக்குக் கேக்கல, எழுந்து சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அங்க யாருக்கும் என்னைத் தெரியாது, எடுத்தா எடுத்துக்கட்டும், வீட்டிலேயே இருந்துடறேன் என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சண்டைக்கென்றே இழுத்துக்கொண்டு போனேன். கிளார்க் நோட்டைத் திருப்பிக் காட்டினான், வரிசையாக ஆறு சிவப்புக் கோடு. டீச்சர், இந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லியே என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து நெட்டையன், தினமும் வர்றா மேம், மூணாவது பெஞ்ச் ஓரம், திங்கக்கிழமை செருப்பு அறுந்து கையில தூக்கிட்டு வந்தா என்றான். கண்ணாடிக்காரி, பேனா தீந்துபோய் முழிச்சேன், கேக்காமலே நீட்டினா மேம், இதோ பாருங்க என்று பையிலிருந்து எடுத்தாள். இன்னொருத்தி, இவ பெரிய படிப்பாளி போல, நம்மகிட்ட பேச மாட்டாளோன்னு நாங்கதான் பயந்துட்டிருந்தோம் என்றாள். மகளே, நாற்பது வருஷத்துப் பேச்சை ஒரு எழுத்து விடாமல் வைத்திருப்பவள் நான், ஆனால் எல்லாம் சண்டைக்காக வைத்திருப்பது. எந்தக் காரணமும் இல்லாமல் ஒருத்தியின் அறுந்த செருப்பை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகளை இப்போதுதான் பார்க்கிறேன். சண்டைக்கென்று இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன், கிளார்க்கே பயந்து தண்ணீர் கொடுத்தான்.

டீச்சர் அங்கேயே உன் மகள் பெயரைக் கூப்பிட்டாள். பிரசன்ட் மேம் என்றாள் பார், மாடிப்படி வரை கேட்டது. அதோடு விட்டாளா, நெட்டையனைப் பார்த்து, வெள்ளிக்கிழமை நீதான் வரல, உனக்கு இவதான் குரலை மாத்தி பிரசன்ட் சொன்னா என்று கண்ணாடிக்காரியைக் காட்டிவிட்டாள். அடிப்பாவி, உனக்குப் போய் சாட்சி சொன்னேனே என்று அவன் தலையில் கைவைக்க, டீச்சரே சிரித்துவிட்டாள். என் ரத்தமடி அவள், மூலையில் உட்கார்ந்து அத்தனை பேரையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதே, அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேள். அந்தப் பேனாவைத் திருப்பி வாங்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

சிவப்புக் கோட்டை அடித்துத் திருத்தி, இனிமேல் நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடறேம்மா என்றாள், டீச்சரை மன்னித்துவிட்டேன். ஆறு வயதில் கூடத்தில் பாடிக்கொண்டிருந்த உன் மகளை, பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய தொண்டை என்று அதட்டி அடக்கியவளை மன்னிக்க மாட்டேன். அன்று பச்சைப் புடவை, ஈரத்தலை. உங்கப்பா தங்கச்சி.