நாற்பது விநாடி

அண்ணா,

நான் ஒலி அமைத்த போர்ப்படம் நேற்று வெளியானது. என் முகம் யாருக்கும் தெரியாது என்பதால், முதல் காட்சி முடிந்ததும் தியேட்டர் வாசலில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"குண்டு விழுந்ததும் ஸ்பீக்கர் அவுட்டுடா! சத்தமே இல்ல" என்றான் ஒருவன்.

"போடா, அதான் படமே. எனக்கு மூச்சே நின்னுபோச்சு" என்றான் அவன் நண்பன்.

டிக்கெட் கிழிப்பவரையும் கேட்டேன். "போர்ப்படம்னா காது கிழிய வேணாமாம்மா?" என்று சலித்துக்கொண்டார்.

மாலையில் தயாரிப்பாளர் கூப்பிட்டார். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுக்கு வம்பு? அந்த நாப்பது செகண்டுக்கும் வெடிச் சத்தத்தைப் போட்டுடும்மா."

"போட்டா என் பேரை எடுத்துடுங்க சார்" என்றேன். "சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

போர்முனையில் உன் பக்கத்தில் குண்டு விழுந்தபோது எப்படி இருந்தது என்று போன வருடம் உன்னிடம் எழுதிக் கேட்டேன். 'அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு வரைக்கும்' என்று அதே தாளில் எழுதி, என் முன்னால் எறிந்துவிட்டுப் போனாய். அதன் பிறகு என் கடிதம் எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. உன்னிடம் கேட்டது தப்புதான். படத்தில் வைத்தது தப்பில்லை.

ஞாயிறு மதியக் காட்சிக்கு வா. ஊரார் சொன்னதையெல்லாம் கேட்டாயிற்று. சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

வாசலில் நிற்பேன்,
உன் தங்கை