தபோதரன், விசாக நட்சத்திரம்

கெல்சென்கிர்ச்சன்
14.01.2025

அன்பு மகன் தபோதரனுக்கு,

முழங்கால் நோவோடும் காலை மாலைக் குளிசைகளோடும் நாங்கள் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மருமகள் சாரங்காவும் அவளுடைய மகளும் அந்தக் கனடாக் கல்கரிப் பனியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்கிறேன். மருமகள் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுதியதில் கை ஒன்றும் முறிந்துவிடவில்லை. என்னுடைய தொலைபேசி இலக்கத்தை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். முகவரியை அக்கா சுஜானியிடம் கெஞ்சி வாங்கினேன், அவளைக் கோபிக்காதே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நீ, எழுத்துக்கூட்டியாவது வாசிப்பாய் என்று பெரிதாக எழுதுகிறேன். இன்று பொங்கல். அம்மா மின்னடுப்பில்தான் பொங்கினாள், பால் பொங்கி வழிந்து அடுப்பு நின்றுவிட்டது, துடைத்தது நான். உன் பாஸ்போர்ட் மே மாதத்தோடு முடிகிறது, பழைய பிரதி இங்கே கோப்பில் இருக்கிறது. தூதரகத்தில் இப்போதே நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்து வை, கடைசி நேரத்தில் ஓடாதே.

உன்னிடம் சொல்லவேண்டியது வேறு ஒன்று. டிசம்பர் எட்டாம் தேதி நாங்கள் ஹம்பேர்க்கில் சுஜானி வீட்டில் நின்றோம். அங்கே குளிர்கால ஒளி விழா, துறைமுகத்தைப் படகில் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லி அக்கா எங்கள் இருவரையும் பின்னேரம் ஐந்து மணிப் படகில் ஏற்றிவிட்டாள். பாரந்தூக்கிகள் எல்லாம் நீலமாக நின்றன, பழைய பண்டகசாலைகளின் சிவப்புக் கல் சுவர்களில் மீன்களும் பறவைகளும் வெளிச்சத்தில் ஓடின, கொள்கலன் கப்பல் ஒன்று நுனியிலிருந்து அடிவரை விளக்குப் போட்டுக் கல்யாண வீடு மாதிரி நின்றது. குளியலறை லைட்டை அணை என்று வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்புகிற நாட்டுக்காரர் இவர்கள்தானா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தபடியே தேத்தண்ணீர் வாங்கப் போனேன்.

இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தால் இருந்த இடத்தில் அவள் இல்லை. படிக்கட்டுப் பக்கத்து நீள மேசையில் பத்துப் பன்னிரண்டு ஜெர்மன்காரர்கள் காகித விளக்குக் கூடுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் நடுவில் உன் அம்மா. பிள்ளைகளின் பெயர்களை எழுதுகிறார்கள் என்று மட்டும் அவளுடைய அரைகுறை ஜெர்மனுக்கு விளங்கியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பெயர் கேட்டால் அர்ச்சனைதானே. தபோதரன் என்று தமிழில் எழுதி, விசாக நட்சத்திரம் என்று கீழே போட்டு, அவர்கள் வாசிப்பதற்காக ஜெர்மன் எழுத்திலும் எழுதி வைத்திருந்தாள். கெர்லின்ட் என்று ஒரு மனுஷி, எங்கள் வயதுதான் இருக்கும், மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டிருக்கிறாள், அம்மா முப்பத்திரண்டு என்றிருக்கிறாள். உடனே அந்த மனுஷி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மேசையில் ஒரு அட்டை நின்றது. கண்ணாடி போடாமல் அம்மாவால் வாசிக்க ஏலாது, நான் வாசித்தேன். இறந்துபோன எங்கள் பிள்ளைகளின் நினைவாக என்று எழுதியிருந்தது.

கோப்பைகளை மேசை ஓரத்தில் வைத்தேன். நேசமலர் எழும்பு, இது எங்களுக்கானது இல்லை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. இரண்டு வருஷமாக உன் அம்மா என் முன்னால் அழுததில்லை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள். உனக்காக அவளைக் கட்டிப் பிடித்து அழவிட இந்த வீட்டில் ஆள் இல்லை, நான் இருந்தும் இல்லை. யாரோ ஒரு ஜெர்மன் மனுஷி செய்ததை இழுத்துப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை, பயமும்தான். ஏனென்றால் அந்தக் கூட்டில் உன் பெயரை எழுத வைத்தது நான்தான் மகன். நீ சாரங்காவைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று, முன்பு ஒருமுறை கட்டினவள், பிள்ளையும் இருக்கிறது, சனம் என்ன சொல்லும் என்று கத்திவிட்டுக் கடைசியாக நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "உன்னை இண்டையோட தலை முழுகியாச்சு, எனக்கு இனி ஒரு பிள்ளைதான்." நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

பிறகு எல்லோரையும் மேல்தட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூடுகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். உன் பெயர் வந்தபோது வாசித்த பெண்பிள்ளை தட்டுத்தடுமாறி டாபோடாரன் என்றாள், அம்மா கோயிலில் நிற்பது போலக் கும்பிட்டாள். கூட்டுக்குள் சின்ன விளக்கு, தகப்பன் ஏற்றுங்கள் என்று கெர்லின்ட் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு, தெரிந்துகொண்டே, நான் அந்த விளக்கைப் போட்டேன். என்ன நடந்தது என்று அவள் மெல்லக் கேட்டாள். என் பிழைதான் என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம், உங்கள் பிழையாக இருக்காது என்று முதுகைத் தடவினாள். அவளுடைய மகன் பத்தொன்பது வயதில் போனவனாம். அவனுக்கு அவள் என்ன எழுதினாலும் போய்ச் சேராது. எனக்கு முத்திரை ஒட்டினால் போதும் என்ற நிலையில் நான் இரண்டு வருஷம் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லப்போவதும் இல்லை, நீயும் சொல்லாதே. அவள் வீட்டுக்கு வந்ததிலிருந்து சந்தோஷமாக இருக்கிறாள். "பேரும் நட்சத்திரமும் குடுத்தாச்சு, இனிப் பிள்ளை போன் எடுப்பான்" என்கிறாள். சமைக்கும்போது தோளில் கிடக்கிற துவாயில் தொலைபேசியை முடிந்து வைத்திருக்கிறாள். நான் கோயிலுக்குப் போய் உன் ஆயுளுக்கு ஒரு அர்ச்சனை செய்தேன், ஐயர் பெயரைத் திருத்தமாகச் சொன்னார். அதுவும் என் மனதை ஆற்றவில்லை. நான் சொன்னது பிழை தபோ. உன்னிடமும் சாரங்காவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ என்னோடு கதைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதற்கு எனக்கு முகம் இல்லை.

உனக்கும் சாரங்காவுக்கும் அந்தச் சின்னப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கோ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை என்று அறிந்தேன், நான் பக்கத்தில் இருப்பேன் என்று நினைக்கிறாய்போல. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை, உனக்கு அங்கே காலை எட்டிலிருந்து பத்துவரை, நான் வீட்டில் இருப்பதில்லை. சங்கக் கூட்டம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷனில் போய் இருக்கிறேன். ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. நீ அம்மாவுக்குப் போன் எடுக்கும்வரை போவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மகேந்திரராஜா