தப்பாகச் சாய்ந்த துளை

நேற்று மதியம் மேடவாக்கத்து வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் பழைய பேப்பரை விரித்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். ஈயம் உருகி முதல் புகை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். "கோயில்ல தூபம் போட்ட மாதிரி இருக்குடி" என்று மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே வருவாயே, அதே வாசனை. கண்ணெரியும், தள்ளிப் போ என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்தே போனது. நான் சொல்லி நீ எந்தக் காலத்தில் கேட்டாய்? கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. மேசையில் உன் கிட்டார் வயிறு திறந்து கிடந்தது. எதிரே உன் மகள் ஜெனி உட்கார்ந்திருந்தாள்.

நீ போனதிலிருந்து கிட்டார் உங்கள் கட்டிலடியில்தான் கிடந்திருக்கிறது. போன வாரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து நின்றாள். சேலையூரிலிருந்து இங்கே வருவதற்குள் ரோட்டில் பட்ட பாட்டை முதலில் சொல்லித் தீர்த்தாள், அப்படியே உன்னை மாதிரி. பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். கல்லூரியில் பெண்களாகச் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்களாம். அடுத்த மாதம் மேடை ஏறுகிறார்களாம். உன் கிட்டாரைத்தான் வாசிக்க வேண்டுமாம். ஆனால் நீயும் நானும் செய்து மாட்டிய கறுப்புத் தகடு, அந்தப் பிக்கார்டு, விரிசல் விட்டிருந்தது. உள்ளே ஒயரெல்லாம் பச்சை பூத்து, வால்யூமைத் திருகினால் கரகரவென்றது. புதிதாக வெள்ளையில் ஒரு பிக்கார்டும், ஒயரும், குமிழ்களும் ஆன்லைனில் வாங்கி வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, ஸ்க்ரூ எல்லாம் கரெக்டா வருது. இந்த மூணாவது ஓட்டை மட்டும் ஒத்தே வரல. உள்ள கட்டையை எவனோ வேற பக்கமா வெட்டி வெச்சிருக்கான்."

எவனோ! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எவனும் இல்ல. உங்கம்மாவும் நானும்தான்" என்றேன்.

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். நீ பக்கத்தில் இல்லாததால் முதல்முறையாக யாரும் குறுக்கே பேசாமல் சொல்லி முடித்தேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நமக்கு வேலை கிடைத்த புதிது. நீ கேம்ப் ரோடு பள்ளியில் டீச்சர், நான் ஓஎம்ஆரில் ஆபீஸ். யாரோ வாசித்துச் சலித்த கிட்டாரை நீ வாங்கி வந்தாய். தந்திகளுக்குக் கீழே மரத்தை மூடி நிற்கும் பிளாஸ்டிக் தகடு பழுத்த மஞ்சளாகி, ஓரம் உடைந்திருந்தது. "இதை வெச்சிக்கிட்டு மேடை ஏறினா பல்லு விளக்காத மாதிரி இருக்கும்" என்றாய். அப்போதெல்லாம் புதுப் பிக்கார்டு வாங்க எங்கே போவது என்றே நமக்குத் தெரியாது. அதனால் மேற்குத் தாம்பரத்தில் நம்பர் பிளேட்டும் வீட்டுப் பெயர்ப் பலகையும் செய்கிற கடைக்குப் போனோம்.

"இன்னா மா, பேரு எதுவும் எழுத வாணாமா?" என்றார் கடைக்கார அண்ணன்.

"வேணாம்ணா. இந்தக் கோட்டு மேல வெட்டி ஓட்டை போட்டா போதும்."

"மூணு ஓட்டையா? சுவிட்ச் போர்டா இது?"

"ஆமாண்ணா. பாடுற சுவிட்ச் போர்டு" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்த மூன்று துளைகளில்தான் தந்தியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்புகள் உட்காரும். முதல் இரண்டும் நேர். மூன்றாவது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தகட்டின் வெளிவடிவத்தை ஒரு டிரேசிங் பேப்பரிலும், துளைகளை இன்னொன்றிலும் வரைந்து அக்ரிலிக்கில் ஒட்டினோம். இரண்டாவது பேப்பர் பின்பக்கம் மேலே வரும்படி திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. நேரான துளைகளில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. திருப்பி ஒட்டியது நீதான். நான் என்று நீ கடைசிவரை சாதித்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நர்ஸிடம்கூட, "இவதான் சிஸ்டர், எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ, ஒரு பேப்பர் ஒட்டத் தெரியாது" என்றாய். அன்றும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் வேறு தகடு வெட்டியிருப்பார்கள். நீ உளியை எடுத்தாய். பழைய பள்ளத்தை மரத்துண்டால் அடைத்து, தகட்டுக்கு ஏற்ற மாதிரி கிட்டாரின் மரத்தையே செதுக்க ஆரம்பித்தாய். தலைக்குமேல் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கிப் போனது. அம்மா மேலே வந்து, அறை முழுக்க மரத்தூளைப் பார்த்துவிட்டு, "வாசிக்கிறதுக்குன்னு வாங்கிட்டு வந்து ஏம்மா கொத்திக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஒயரிங் என் வேலை. எல்லாம் முடித்து ஆம்ப்பில் சொருகி நீ மேல் ஸ்தாயியில் ஒரு வரி வாசித்தாய். வழக்கமாக மெல்லிய தந்திகள் காதைக் குத்தும். அந்தத் தப்பான சாய்வால் அவை கொஞ்சம் உருண்டு, மென்மையாக வந்தன. தடித்த தந்திகள் தெளிவாகக் கேட்டன. "கேட்டியாடி? இது வேற யார்கிட்டயும் கிடையாது" என்றாய். நீ குரோம்பேட்டை, மாடம்பாக்கம் என்று எந்த சர்ச் கல்யாணத்தில் வாசித்தாலும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் அது நீ என்று. பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்கிற என்னைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் குசுகுசுத்தார்கள். சாம்பார் பரிமாறியதும் அதுவும் நின்றது.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு ஜெனி நிதானமாகச் சொன்னாள்: "சூப்பர் ஆன்ட்டி. ஆனா எனக்கு வழக்கமான சாய்வுதான் வேணும். நாங்க வாசிக்கிறதுக்கு அந்த ஷார்ப் சவுண்ட் இருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. பழைய தகட்டைப் பார்த்து அதே மாதிரி ஒன்று வெட்டித் தருகிறேன் என்றேன். வேறு கிட்டார் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "உங்கம்மா சத்தம் இதுல மட்டும்தான்டா இருக்கு" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அம்மா சத்தம் எனக்கு போன்ல இருக்கு ஆன்ட்டி. தினம் கேக்கறேன்." அவள் கண் கலங்கியது, ஆனால் பார்வையை விலக்கவில்லை. "கட்டிலுக்கு அடியில கிடக்கிறதைப் பார்த்தாதான் எனக்குத் தாங்கல."

உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "அவ இருந்தா இந்நேரம் உளியை எடுத்திருப்பா" என்றார். ஒரு வாரம் என்னோடு நானே முட்டிமோதிக்கொண்டு, நேற்று அவளை வரச் சொன்னேன்.

நீ செதுக்கிய பள்ளத்தை நான் அடைக்கவில்லை. சரியான பக்கமும் கொஞ்சம் செதுக்கினேன், அவ்வளவுதான். உன் சாய்வும் அவள் சாய்வும் மரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அதன்மேல் வெள்ளைத் தகட்டை வைத்து மூடி, ஸ்க்ரூவெல்லாம் அவளையே முடுக்கச் சொன்னேன். ஆம்ப்பில் சொருகி வாசித்தாள். கூர்மையாக, பளீரென்று, பால்கனிக் கதவு அதிரும் சத்தம்.

அது நீ இல்லை. நீ போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. உங்கள் வீடு நிறைய ஆட்கள், காபி, நாற்காலி என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டேன். நேற்று என் சாப்பாட்டு மேசையில் தலைசாய்த்து அழுதேன். "நல்லா இல்லையா ஆன்ட்டி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குடா, அதுக்குத்தான்" என்றேன். அது உண்மைதான்.

கொஞ்ச நேரம் கழித்து, அலமாரி மேலிருந்த என் பேஸை அவளே நாற்காலி போட்டு எடுத்தாள். தூசியைத் தன் துப்பட்டாவிலேயே துடைத்து என் மடியில் வைத்தாள். எல்லாக் கல்யாணத்திலும் நாம் வாசித்த அந்தப் பாட்டை ஆரம்பித்தாள். விரல்கள் மறக்கவில்லை. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்முன் நீ ஒரு நொடி நிற்பாய், தாளத்தில் இல்லாத நிறுத்தம். அதற்காக உன்னோடு எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்! "நான் என்ன மெஷினா?" என்பாய். அந்த இடம் வந்ததும் என் கை தானாக நின்றது. அவள் நிற்காமல் போய்விட்டாள்.

"ஏன் ஆன்ட்டி நின்னுட்டீங்க?"

"உங்கம்மா அங்க நிப்பா."

அவள் யோசித்தாள். "நான் நிக்க மாட்டேனே."

"தெரியும். நீ பாட்டுக்குப் போ. நான் வந்து பிடிச்சிக்கிறேன்."

மறுபடி மறுபடி வாசித்தோம். ஒவ்வொரு முறையும் அங்கே வந்ததும் என் கை நின்றது. பிறகு ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் மேடையிலும் என்னை வாசிக்கச் சொல்கிறாள். போகத்தான் போகிறேன். உன் கிட்டாரில் இனி உன் சத்தம் வராது. அந்த ஒரு நொடி மட்டும் என் விரல்களில் இருக்கிறது, அதை நான் சரிசெய்யப் போவதில்லை.