அப்பாவின் படத்தில் இல்லாத எலும்பு

என் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்திருந்தால் இந்தச் செய்தியை நம்பியிருக்கமாட்டீர்கள். எனக்கே அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில் உயிர் போகிற வலி. சிங்காநல்லூரில் ஓர் எக்ஸ்ரே நிலையத்துக்குக் கூட்டிப்போனோம்.

படம் எடுப்பவர் மகா மரியாதைக்காரர். அம்மாவைப் படுக்கச் சொல்வதற்கே மன்னிப்புக் கேட்டார். படம் விழும் இடத்தைக் காட்டும் விளக்கின் வெளிச்சத்தைப் பாவாடை நாடா முடிச்சின் மேல் நிறுத்திப் படம் எடுத்தார். அம்மா நாடாவை எவ்வளவு மேலே கட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட விலா எலும்பில். அங்கிருந்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்து, முறிவு இல்லை, நடக்க வையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து ஓரடி வைத்ததும் அம்மா அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

படத்தை ஓர் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"ஏனுங்க, இதுல தொடை மூட்டே இல்லீங்களே! விலா எலும்பு இருக்குது, முதுகெலும்பு இருக்குது. எது ஒடஞ்சுதோ அத மட்டும் காணமுங்க."

படத்தில் இல்லாத எலும்பு முறியவில்லை என்பது, யோசித்தால், உண்மைதான்.

அம்மாவை அழைத்துவரச் சொல்லி அவரே முன்னால் நின்று மறுபடி எடுக்கவைத்தார். இடுப்பின் முன்பக்க எலும்பு முனையை விரலால் தடவிக் கண்டுபிடித்தார். பிறகு தொடையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பைத் தேடினார்.

"டாக்டர் கண்ணு, அங்கெல்லாம் கை வெக்காதீங்க!"

"வெக்காம எப்படிங்கம்மா? முடிச்சு ஆளுக்கு ஆளு எடம் மாறுமுங்க. எலும்பு மாறாதுங்க."

இம்முறை மூட்டு படத்தில் விழுந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. நாளை ஆபரேஷன்.

முதலில் படம் எடுத்தவரிடம் சண்டை போடப் போனேன். நாற்காலி போட்டு, காப்பி சொல்லட்டுங்களா என்றார். இந்த ஊரில் சண்டை போடுவது எளிதல்ல.

"பெரியவங்க மேல எப்படிங்க கை வெக்கறது? பொம்பளைங்கன்னா நாடா, ஆம்பளைங்கன்னா வேட்டி முடிச்சு. அதப் பாத்துத்தானுங்க இத்தன வருசமா எடுக்கறேன். உங்க அய்யன் பஸ்ஸுலருந்து விழுந்தப்பவும் நாந்தானுங்க எடுத்தேன். ஒரு வெரல் படலீங்க" என்றார், பெருமையோடு.

வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்த உங்கள் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "படமே ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டுது, வலி எம் மனசுலதான் இருக்குதாட்டம்" என்று சொல்லிக்கொண்டு கடைசிவரை நொண்டி நடந்தீர்களே, அந்தப் படம். விலா எலும்புகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. மூட்டு இல்லை.

ஒடிந்திருந்ததா அப்பா? அவ்வளவு வலியோடா எங்கள் முன்னால் சிரித்தீர்கள்? இனி எந்த டாக்டரிடம் கேட்பது? நெருப்பு மிச்சம் வைத்த எலும்புகளைப் பொறுக்கி, கொடுமுடியில் காவிரியில் விட்டவன் நான். நீங்கள் உயிரோடு இருந்தவரை மரியாதை கருதி யாரும் தொடாத எலும்புகள் அவை.

ஆபரேஷன் முடிந்ததும் அம்மாவுக்கு மறுபடி படம் எடுப்பார்கள். எடுப்பவர் எவ்வளவு கூசினாலும், அம்மா எவ்வளவு திட்டினாலும், எலும்பைத் தொட்டுப் பார்க்காமல் விளக்கைப் போட விடமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்களைக் கடைசியாகக் கையில் ஏந்திய,
உங்கள் இளைய மகன்